சாட்சி சொல்ல எழுந்து நிற்கும் முன்

சபையில் சாட்சி சொல்லுங்கள், அதாவது ஆண்டவர் உங்கள் வாழ்க்கையில் செய்ததைச் சொல்லுங்கள் என்றால் நம்மில் சிலர் பிரசங்கமே செய்துவிடுகிறோம், மற்றவர்கள் "எனக்குச் சொல்ல என்ன இருக்கு பிரதர்" என்று தலையைக் குனிந்துகொள்கிறோம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். சாட்சி என்றால் பெரிதாக ஏதோ நடந்திருக்க வேண்டும், குடித்துச் சீரழிந்திருக்க வேண்டும், டாக்டர் கையை விரித்திருக்க வேண்டும், கனவில் வெளிச்சம் வந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி நடந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் தாராளமாகச் சொல்லட்டும். இதை நான் எழுதுவது மற்றவர்களுக்காக: கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஆண்டவரை நம்பத் தொடங்கி கொஞ்ச காலம்தான் ஆனவர்கள், அப்புறம் தாத்தா காலத்திலிருந்தே கோயிலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தும் ஒருநாள்கூட வாய் திறந்து தன் விசுவாசத்தைச் சொல்லாதவர்கள்.

யோவான் சுவிசேஷம் 9-ஆம் அதிகாரத்தில் பிறவிக் குருடன் ஒருவன் பார்வை பெறுகிறான். படித்தவர்கள் சுற்றி நின்றுகொண்டு அவனைக் குடைந்து எடுக்கிறார்கள். அவன் வேதம் படித்த பண்டிதன் இல்லை, பதில் தெரியாத கேள்விக்குத் தெரியாது என்றே சொல்கிறான். "நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்" என்பதுதான் அவன் சொன்னது. எனக்குத் தெரிந்து சாட்சிக்கு இதைவிட நல்ல மாதிரி கிடையாது. நடந்ததை, நடந்த அளவுக்கு, கேட்கிறவருக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிட்டால் உங்கள் வேலை முடிந்தது.

முதலில், எதைச் சொல்வது என்று முடிவு செய்யுங்கள்

வாழ்க்கை முழுவதையும் சொல்லப் பார்க்காதீர்கள். ஒரே ஒரு விஷயத்தை எடுங்கள். கர்த்தரை அறிந்த பிறகு என்னிடம் என்ன மாறியது, அது என்னோடு இருக்கிறவர்கள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எங்கே மாறியது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாட்சி என்றாலே எனக்கு நினைவுக்கு வருகிறவர் கடலூர் முதுநகர்ப் பக்கம் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் பேசிய அக்கா ஒருவர்தான், மீன் விற்கிறவர். குழுக் கடன், தண்டல் கடன் என்று கழுத்துவரை இருந்தவர். அவர் சொன்னது இவ்வளவுதான்: "முன்னல்லாம் தண்டல்காரர் வண்டிச் சத்தம் கேட்டாலே கதவுக்குப் பின்னால போய் நின்னுக்குவேன், புள்ளைய விட்டு அம்மா இல்லன்னு சொல்லச் சொல்வேன். இப்பவும் கடன் இருக்கு. ஆனா நானே வெளிய வந்து, அண்ணே இந்த வாரம் இவ்வளவுதான், மிச்சம் அடுத்த வெள்ளிக்கிழமைன்னு முகத்தப் பாத்து சொல்றேன். புள்ளைய பொய் சொல்ல வெக்கிறது இல்ல." கடன் அடைந்துவிட்டது என்று அவர் சொல்லவில்லை, அதனால்தான் அவர் சொன்ன மாற்றத்தை எல்லாரும் நம்பினார்கள். கூட்டத்தில் இருந்த அத்தனை பெண்களுக்கும் அந்தக் கதவு தெரியும்.

பிறப்பிலேயே கிறிஸ்தவர்களாக இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புதுச்சேரியில் பல தலைமுறையாகக் கத்தோலிக்கராக இருக்கிற குடும்பங்கள் நிறைய, கடலூரில் லுத்தரன், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பங்களும் அப்படித்தான். "எனக்கு முன்பு, பின்பு என்று பிரித்துச் சொல்ல ஒன்றுமில்லையே" என்பார்கள். இருக்கத்தான் செய்யும். அம்மா சொல்லிக்கொடுத்த ஜெபத்தை வாயால் சொல்லிக்கொண்டிருந்தவர் ஒருநாள் அதை மனதோடு சொல்ல வேண்டி வந்திருக்கும், அது பரீட்சையில் தோற்ற அன்றாக இருக்கலாம், வேலை போன அன்றாக இருக்கலாம், அப்பாவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய இரவாக இருக்கலாம். அந்த நாளைச் சொல்லுங்கள். விசுவாசத்தை விட்டு விலகாமல் நாற்பது வருடம் நின்றதும் சாட்சிதான், அதை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம் என்பது என் வருத்தம்.

எழுதிப் பாருங்கள்

ஒரு தாளில் ஒரு பக்கம் போதும். மூன்று பங்காகப் பிரித்தால் எளிது: முன்பு எப்படி இருந்தேன், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறேன். அகிரிப்பா ராஜாவின் முன்னால் அப்போஸ்தலன் பவுல் தான் மனம் மாறிய கதையைச் சொன்னதும் (அப்போஸ்தலர் 26) ஏறத்தாழ இந்த வரிசைதான். அதே அனுபவத்தை 22-ஆம் அதிகாரத்தில் எருசலேமில் ஜனக்கூட்டத்தின் முன்னால் சொல்லும்போது எபிரெயு பாஷையில் பேசுகிறார், தான் யூத வேத போதகர் கமாலியேலிடம் படித்ததைச் சொல்கிறார், ராஜாவிடம் பேசும்போது வேறு விதமாகத் தொடங்குகிறார். நடந்தது ஒன்றுதான், ஆளுக்குத் தக்கபடி சொல்கிற விதம் மாறுகிறது. எதிரே இருப்பது யார் என்று பார்த்துச் சொல்வது தந்திரம் ஒன்றும் இல்லை, மரியாதை.

மூன்றில் "முன்பு" என்கிற பங்குதான் எல்லாரையும் இழுத்துக்கொண்டு போய்விடும். பழைய பாவத்தைச் சொல்லும்போது நமக்கே ஒரு வேகம் வரும், கேட்கிறவர்களும் காதைத் தீட்டிக்கொள்வார்கள், கடைசியில் ஆண்டவருக்கு மூன்று வரி மிஞ்சும். அதனால் அதைச் சுருக்குங்கள். மாதிரிக்கு ஒன்று எழுதிக் காட்டுகிறேன்:

"பண்ருட்டிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் முந்திரித் தோப்பு. பாகப்பிரிவினையில் அண்ணன் எனக்கு அநியாயம் செய்தார் என்று எட்டு வருடம் அவரோடு பேசவில்லை. அவர் வருகிற விசேஷத்துக்கு நான் போக மாட்டேன். சபைக்குப் போகத் தொடங்கிய பிறகும் அப்படித்தான். 'எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல' என்ற வரி வரும்போது மட்டும் வாயை மூடிக்கொள்வேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் தாண்டிப் போக முடியவில்லை, அழுதேன். ஆண்டவரே, எனக்கு மன்னிக்கத் தெரியவில்லை, நீர்தான் செய்ய வேண்டும் என்று ஜெபித்தேன். உடனே ஒன்றும் ஆகவில்லை. பல மாதம் கழித்து அண்ணனுக்கு போன் செய்தேன், அண்ணே சாப்பிட்டீங்களா என்று மட்டும்தான் கேட்க வந்தது. தோப்பு திரும்பி வரவில்லை. ஆனால் அவர் மகள் கல்யாணத்தில் நான்தான் பந்தியைக் கவனித்தேன்."

இதை நிதானமாகச் சொன்னால் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இதில் வசனம் ஒன்றே ஒன்று, அதுவும் கதைக்குள் வருகிறது. "ஆகவே நீங்களும் மன்னியுங்கள்" என்று கடைசியில் ஒட்டவில்லை பாருங்கள், அதை ஒட்டியிருந்தால் கேட்டுக்கொண்டிருந்தவர் அங்கேயே எழுந்து போயிருப்பார். எழுதியதை வீட்டில் யாரிடமாவது சத்தமாகப் படித்துக் காட்டுங்கள், அப்புறம் தாளை உள்ளே வைத்துவிட்டுத் தாள் இல்லாமல் சொல்லுங்கள்.

சபைக்குள் பேசுகிற தமிழை வெளியே அப்படியே கொண்டுபோகாதீர்கள்

"நான் இரட்சிக்கப்பட்டு அபிஷேகம் பெற்று ஊழியப் பாரத்தோடு இருக்கிறேன்" என்று நம் சபையில் சொன்னால் ஆமென் கிடைக்கும். பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னால், பாரம் என்றால் என்ன பாரம், யார் தலையில் என்றுதான் யோசிப்பார். ஆண்டவர் என்னை மன்னித்தார் என்று தெரிந்தது, மனதிலிருந்த பயம் போயிற்று, இப்போது நாலு பேருக்கு உதவ வேண்டும் என்று தோன்றுகிறது என்று சொல்லுங்கள். கத்தோலிக்க நண்பரிடம் பேசும்போதும் இந்தக் கவனம் வேண்டும். நீங்கள் ஆராதனை என்பதை அவர் திருப்பலி என்பார், நீங்கள் பரிசுத்த ஆவியானவர் என்பதை அவர் தூய ஆவியார் என்பார். அவர் சொல்லைத் திருத்தத் தொடங்கினால் சாட்சி அங்கேயே நின்றுபோய் வாக்குவாதம் ஆரம்பித்துவிடும்.

அப்புறம், எதிரே இருப்பவருக்கு ஒன்றுமே தெரியாது என்று நினைத்துக்கொண்டு தொடங்காதீர்கள். வில்லியனூரில் லூர்து மாதா கோயில் 1877-இல் எழுந்தது, அங்கே போய் மெழுகுவத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டு வருகிற இந்துக் குடும்பங்கள் புதுவையில் ஏராளம். மிஷன் பள்ளியில், கான்வென்டில் படித்தவர்களுக்குப் பரமண்டல ஜெபம் நம்மைவிட நன்றாகவே தெரிந்திருக்கும். "நீங்க மாதா கோயிலுக்குப் போயிருக்கீங்களா, எப்படி இருந்தது" என்று கேட்டுவிட்டு அவர் சொல்வதைக் கேளுங்கள். பாதி நேரம் அவரிடமே சொல்ல ஒரு கதை இருக்கும்.

நடந்ததற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்காதீர்கள்

இதைத்தான் அழுத்தி எழுத நினைத்தேன். சாட்சி சொல்லச் சொல்ல வளரும். முதல் தடவை காய்ச்சலாக இருந்தது, அடுத்த வருடம் சாகக் கிடந்தேன் என்று ஆகும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, முன்வரிசையில் இருப்பவர்கள் "அல்லேலூயா" சொல்லச் சொல்ல அது தானாக நடக்கும். எழுதி வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம், அந்தத் தாள் உங்களைப் பிடித்து வைக்கும்.

உடல் சுகமானதைச் சொல்கிறவர்கள் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். ஜிப்மரில் ஆபரேஷன் ஆகியிருந்தால் ஆபரேஷன் ஆனது என்று சொல்லுங்கள், மாத்திரை இன்னும் ஓடுகிறது என்றால் அதையும் சொல்லுங்கள். டாக்டரின் கையைக் கொண்டும் கர்த்தர் சுகம் கொடுத்தார் என்று சொல்வதால் கர்த்தருடைய மகிமை ஒரு துளியும் குறையாது. நீங்கள் அதை மறைத்தால், கேட்டுக்கொண்டிருக்கிற சர்க்கரை நோயாளி ஒருவர் வீட்டுக்குப் போய் ஊசியை நிறுத்திவிடக்கூடும். இது கற்பனைப் பயம் இல்லை. மருந்தை விடச் சொல்லும் சாட்சியை யார் சொன்னாலும், எந்த மேடையில் சொன்னாலும், ஏற்காதீர்கள்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு சிக்கல் உண்டு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். சுனாமி வந்த நேரம் காலை, ஆராதனைக்கும் பூசைக்கும் போகிற நேரம். கோயிலுக்குப் போயிருந்ததால் பிழைத்தோம் என்று சொல்கிறவர்கள் கடலோரத்தில் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வது உண்மை, அந்த நன்றி அவர்கள் நெஞ்சில் இருக்கத்தான் வேண்டும். ஆனால் தேவனாம்பட்டினத்திலோ சோனாங்குப்பத்திலோ அதை நீங்கள் சொல்லும்போது, அன்றைக்குப் பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த ஒரு தாய் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். "நாங்கள் ஜெபித்தோம், அதனால் கர்த்தர் எங்களைக் காத்தார்" என்ற வாக்கியம் அவள் காதில் எப்படி விழும்? நீ ஜெபிக்கவில்லை, அதனால் போயிற்று என்றுதானே. ஜெபித்துக்கொண்டிருந்தவர்களும் அன்றைக்குப் போனார்கள். ஆகவே காரணம் சொல்லாதீர்கள். "நாங்கள் எப்படிப் பிழைத்தோம் என்று எங்களுக்கே தெரியவில்லை, பிழைத்ததற்கு ஆண்டவருக்கு நன்றி சொல்கிறோம், போனவர்களை நினைத்து இன்னும் அழுகிறோம்" என்று சொன்னால் அதில் பொய் இல்லை, அவளையும் அது குத்தாது. 2011 டிசம்பர் 30 தானே புயலில் தோப்பு தப்பியவர்களுக்கும், 2015 வெள்ளத்தில் வீடு தப்பியவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

அடுத்தவர் மானம்

உங்கள் கதையில் வேறு ஆட்களும் வருவார்கள். குடித்த கணவர், அடித்த மாமியார், ஏமாற்றிய பங்காளி. புதுச்சேரியில் குடியை விட்டவர்கள் பற்றிய சாட்சி இல்லாத சபை அநேகமாக இருக்காது, அதில் முக்கால்வாசியை மனைவிகள்தான் சொல்கிறார்கள். கணவர் அதே கூட்டத்தில் ஆண்கள் பக்கம் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் குடியை விட்டதைச் சொல்ல வேண்டியவர் அவர். நீங்கள் சொல்ல வேண்டியிருந்தால் முந்தின நாளே வீட்டில் கேளுங்கள், "இதைச் சொல்லலாமா, எதுவரைக்கும் சொல்லலாம்" என்று. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், அந்த வருடங்களில் உங்களுக்குள் என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்லுங்கள். பிள்ளைகள் பெயரைச் சொல்லவே வேண்டாம்.

இதைவிட முக்கியம்: இன்னொருவர் தன் விசுவாசத்தை உங்களிடம் சொல்லியிருப்பார், வீட்டில் இன்னும் தெரியாது. அதை நீங்கள் எடுத்து மேடையில் சொல்லாதீர்கள், வாட்ஸ்அப்பில் போடாதீர்கள், ஜெபக்குறிப்பு என்ற பெயரிலும் பரப்பாதீர்கள். புகுந்த வீட்டில் ஒரு பெண்ணின் வாழ்க்கையே அதில் அடங்கியிருக்கலாம்.

யாரிடம், எங்கே

முதலில் வீடு. பிசாசு பிடித்திருந்து சுகமான மனிதன் இயேசுவோடு படகில் வருகிறேன் என்று கெஞ்சியபோது, உன் வீட்டுக்குப் போய் உன் இனத்தாருக்குச் சொல் என்றுதான் அவர் அனுப்பினார் (மாற்கு 5:19). வீடுதான் கடினம், ஏனென்றால் அங்கே நம் குட்டு எல்லாருக்கும் தெரியும். புதிதாக விசுவாசத்துக்கு வந்த பிள்ளைகளுக்கு நான் சொல்வது, முதலில் சில மாதம் பேசாமல் இருங்கள். அப்பாவிடம் எதிர்த்துப் பேசுவதை நிறுத்துங்கள், தங்கைக்குப் பாடம் சொல்லிக்கொடுங்கள். என்னடா ஆச்சு உனக்கு என்று அவர்களே கேட்கிற நாள் வரும், அன்றைக்குச் சொல்லுங்கள். வீட்டுச் சாமி படத்தைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம்.

வேலையிடத்தில் உங்களுக்குச் சமமாக இருப்பவரிடம், டீ குடிக்கும் நேரத்தில், பேச்சுவாக்கில் வந்தால் சொல்லலாம். உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவரிடம் நீங்களாகத் தொடங்காதீர்கள், அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. உதவி செய்கிற இடத்திலும் அப்படித்தான், அரிசிப் பையைக் கையில் வைத்துக்கொண்டு சாட்சி சொல்லக் கூடாது. பையைக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். மாசிமகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்திருக்கும், ஊரே கூடியிருக்கும், அந்தக் கூட்டத்தில் போய்க் கைப்பிரதி நீட்டுவதும் சாட்சி ஆகாது. நம் ஆராதனை நடுவே ஒருவர் வந்து அப்படிச் செய்தால் நமக்கு எப்படி இருக்கும் என்று பார்த்தால் புரியும்.

சட்டத்தைப் பற்றிச் சிலர் பயந்து கேட்கிறார்கள். அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு, பொது ஒழுங்குக்கும் ஒழுக்கத்துக்கும் சுகாதாரத்துக்கும் உட்பட்டு, தன் மதத்தை அறிக்கையிடவும் கடைப்பிடிக்கவும் பரப்பவும் எல்லாருக்கும் உரிமை தருகிறது. அடுத்தவரை மதம் மாற்றுவது அந்த உரிமையில் அடங்காது என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் வாழ்க்கையில் நடந்ததைச் சாந்தமாகச் சொல்கிறவரைக்கும் நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

கூட்டத்தில் சொல்லும்போது

ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வழக்கம் இருக்கிறது. பெந்தெகொஸ்தே சபைகளில் ஞாயிறு ஆராதனையிலேயே சாட்சி நேரம் இருக்கும், கையைத் தூக்கினால் மைக் வரும். லுத்தரன், சி.எஸ்.ஐ. பக்கம் பெண்கள் ஐக்கியத்திலும் உபவாசக் கூட்டத்திலும் சொல்வார்கள், போதகர் ஐயரிடம் முன்பே சொல்லிவைப்பது நல்லது. கத்தோலிக்கர்களுக்கு அன்பியக் கூட்டங்கள்தான் வசதி, பத்துப் பதினைந்து பேர் ஒரு வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து பகிர்ந்துகொள்வதால் பயமும் குறைவு. புதியவர்கள் பலர் முதல்முதலாக எழுந்து நிற்பது டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில்தான். அன்றைக்கு வரிசை நீளமாக இருக்கும், பன்னிரண்டு மணிக்குள் முடித்தாக வேண்டும், மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்தால் உங்களுக்குப் பின்னால் நிற்கிற பாட்டிக்கு நேரம் கிடைக்காது. ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்குப் போங்கள். கை நடுங்கினால் மைக்கை இரண்டு கையாலும் பிடியுங்கள். அழுகை வந்தால் நிறுத்தி, மூச்சு வாங்கிவிட்டுத் தொடருங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

சொன்ன பிறகு

தனி ஆளிடம் சொல்லியிருந்தால், முடித்ததும் பேசாமல் இருங்கள். அந்த அமைதி நமக்குத் தாங்காது, உடனே "நீங்களும் ஒரு தடவை சபைக்கு வாங்களேன்" என்று ஆரம்பித்துவிடுவோம். பொறுங்கள். அவர் தன் கஷ்டத்தைச் சொல்லலாம், அப்போது காது கொடுத்துக் கேளுங்கள், அதற்கு வசனத்தில் மருந்து தேடாதீர்கள். "இது வெள்ளைக்காரன் சாமிதானே" என்று கேட்கலாம். கடலூரில் 1717-லேயே தரங்கம்பாடி மிஷனெரிகள் பள்ளிக்கூடம் வைத்தார்கள், புதுவையில் 17-ஆம் நூற்றாண்டிலேயே கோயில் இருந்தது என்று சரித்திரம் பேசலாம்தான், ஆனால் அவர் சரித்திரம் கேட்கவில்லை. நம் மண்ணில் பிறந்த நீங்கள் ஏன் இவரை நம்புகிறீர்கள் என்று கேட்கிறார். மறுபடி உங்கள் கதையையே சொல்லுங்கள். நல்லவர்களுக்கு ஏன் கஷ்டம் வருகிறது என்று கேட்டால், தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாவிட்டால் அந்தப் பார்வை பெற்றவனைப் போலத் தெரியாது என்று சொல்லுங்கள், போதகரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றால் மறக்காமல் கேட்டுச் சொல்லுங்கள்.

எனக்கு இதில் விருப்பமில்லை என்று அவர் சொல்லிவிட்டால் "சரிங்க" என்று பேச்சை மாற்றுங்கள். மறுநாள் அவரிடமே பூ வாங்குங்கள், அவர் வீட்டு விசேஷத்துக்குப் போங்கள், இட்லி மாவு தீர்ந்தால் முன்போலவே போய்க் கேளுங்கள். இன்னும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவரே கேட்டால் மாற்கு சுவிசேஷத்தை மட்டும் கொடுங்கள், 16 அதிகாரம்தான், நான்கு சுவிசேஷத்தில் அதுதான் சிறியது. எப்போது படித்தீர்கள், எதுவரை படித்தீர்கள் என்று விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டாம், கேட்க ஏதாவது இருந்தால் அவரே வந்து கதவைத் தட்டுவார்.